லினக்ஸ் கணினியில் எந்த விளையாட்டு சரிப்படும்? புதிதாக மாறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போட மனம் வராதவர்கள் அதில் லினக்ஸ் நிறுவிக்கொள்கிறார்கள். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளும் இதில் சேர்த்தி. காட்பாடியில் உறவினர் வீடுகளிலும், சத்துவாச்சாரியில் தெரிந்தவர் நடத்தும் டியூஷன் சென்டரிலும் இந்த வேலையைச் செய்துகொடுத்தபோது, உலாவி, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் ஒரே மாலையில் அமைந்துவிட்டன. "இதுல கேம் வருமா மாமா?" என்ற கேள்விக்கு விடை தேடத்தான் ஒரு கோடை விடுமுறை முழுவதும் போயிற்று. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை நீங்கள் ஏற்கெனவே நிறுவியிருப்பதாகக் கொள்கிறேன்.

1. முதலில் விளையாட்டின் பெயரைக் கேளுங்கள்

வீட்டில் யார் எதை விளையாட விரும்புகிறார்கள் என்பதைக் கணினியைத் தொடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் வேலரண்ட், ஃபோர்ட்நைட், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் போன்ற பெயர்கள் இருந்தால், அவை லினக்ஸில் ஓடா என்பதை அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது. கணினியின் வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இவ்வகை இணையப் போட்டி விளையாட்டுகள், ஆடுபவர் ஏமாற்றுகிறாரா என்று கண்காணிக்க ஒரு காவல் மென்பொருளைக் கூடவே நிறுவுகின்றன. வேலரண்டின் காவல் மென்பொருள் விண்டோஸின் கருவகம் (கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையப் பகுதி) வரை இறங்கி வேலை செய்கிறது. லினக்ஸிலோ கருவகத்தையே உரிமையாளர் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்பதால், அந்தக் கணினி சொல்வதை நம்ப நிறுவனங்கள் தயாராக இல்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் சில காலம் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்து, 2024 அக்டோபர் இறுதியில் நிறுத்தப்பட்டது. ஜிடிஏ 5 விளையாட்டின் இணையப் பகுதிக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் அந்தக் கதியே நேர்ந்தது. தனியாக ஆடும் கதைப் பகுதி மட்டும் ஓடுகிறது.

இணையத்தில் "இப்படிச் செய்தால் ஓடும்" என்று காட்டும் காணொளிகளைப் பின்பற்றினால் கணக்கு முடக்கப்படும் வாய்ப்பும் உண்டு. பையன் அந்த விளையாட்டு இல்லாமல் இருக்க மாட்டான் என்றால், லினக்ஸுக்கு மாறும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள். கைப்பேசியில் ஆடும் விளையாட்டுகளைக் கைப்பேசியிலேயே விட்டுவிடுங்கள். அவற்றைக் கணினிக்குக் கொண்டுவரும் முயற்சியில் செலவாகும் நேரத்துக்கு ஏற்ற பலன் இல்லை என்பது என் கருத்து.

2. கணினி எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள்

மின்ட்டில் கணினித் தகவல் அறிக்கையையும், உபுண்டுவில் அமைப்புகளின் கடைசிப் பகுதியையும் திறந்தால், நினைவகம், செயலி, கிராபிக்ஸ் ஆகிய மூன்றும் தெரியும். கிராபிக்ஸ் வரியில் இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்ற பெயர்களில் ஒன்று இருக்க வேண்டும். அங்கே "எல்எல்விஎம்பைப்" (llvmpipe) என்று இருந்தால், கிராபிக்ஸ் வேலையையும் செயலியே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் எந்த முப்பரிமாண விளையாட்டை நிறுவினாலும் நத்தை வேகத்தில்தான் நகரும். பழைய கணினி என்பதால்தான் இப்படி என்று முடிவு செய்துவிடாமல், முதலில் கிராபிக்ஸ் வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சரிசெய்யுங்கள்.

இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் டிரைவர் லினக்ஸுடனேயே வந்துவிடுகிறது. என்விடியாவுக்கு டிரைவர் மேலாளரில் பரிந்துரைக்கப்படும் பதிப்பை நிறுவ வேண்டும். அப்போது செக்யூர் பூட் (கணினி எழும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் காவல்) இயக்கத்தில் இருந்தால் ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை கணினி எழும்போது நீலத் திரை ஒன்று தோன்றி, புதிய சாவியைப் பதிவு செய்யலாமா என்று கேட்கும்; பதிவு செய்யும் விருப்பத்தைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலரும் அந்தத் திரையைக் கண்டு பயந்து "தொடர்க" என்பதை அழுத்திவிடுகிறார்கள். டிரைவர் நிறுவப்பட்டும் வேலை செய்யாமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நினைவகம் 2 ஜிபி மட்டும் இருந்தால் சீட்டு, சதுரங்கம், புதிர் வகைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 4 ஜிபி இருந்தால் கீழே சொல்லப்போகும் பெரும்பாலான விளையாட்டுகள் ஆடும். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால் தயக்கமே வேண்டாம்.

வேலூரில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கத்திரி வெயிலில் வெளியே 40 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் மெத்தைமேல் வைத்த மடிக்கணினி, சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆட்டம் முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்கினால் இதுதான் காரணம். விசிறியின் தூசியைத் தட்டி, மேசைமேல் வைத்து, விளையாட்டின் அமைப்புகளில் நொடிக்கு 60 அல்லது 30 சட்டகங்கள் (ஃபிரேம்) என்று வரம்பு போட்டுவிடுங்கள். வரம்பு போடாவிட்டால், எளிய விளையாட்டுகூடத் தேவையில்லாமல் நொடிக்கு நூற்றுக்கணக்கான சட்டகங்களை வரைந்து கணினியைக் கொதிக்க வைக்கும்.

3. எங்கிருந்து இறக்குவது

விண்டோஸில் பழகியவர்கள் விளையாட்டின் பெயரைத் தேடுபொறியில் தட்டி, முதலில் வரும் தளத்திலிருந்து இறக்குவார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். மென்பொருள் மேலாளரைத் திறந்து, அங்கேயே தேடி நிறுவுங்கள். அங்கே ஒரே விளையாட்டு இரண்டு முறை தோன்றலாம்: ஒன்று உங்கள் இயங்குதளத்தை உருவாக்குபவர்களே பராமரிக்கும் களஞ்சியத்தைச் சேர்ந்தது, மற்றொன்று பல லினக்ஸ் வகைகளிலும் ஓடும்படி பொதிந்த பிளாட்பேக் அல்லது ஸ்னாப் வடிவம். களஞ்சியப் பதிப்பு அளவில் சிறியது, ஆனால் சற்றுப் பழையதாக இருக்கும். பிளாட்பேக் புதியது, ஆனால் முதல் முறை நிறுவும்போது அடிப்படைக் கோப்புகளையும் சேர்த்து நூற்றுக்கணக்கான எம்பி இழுத்துக்கொள்ளும்.

நாளொன்றுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று அளந்து கொடுக்கும் கைப்பேசித் திட்டத்தை ஹாட்ஸ்பாட் போட்டுப் பயன்படுத்துபவர்களுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. கீழே சொல்லப்போகும் விளையாட்டுகளில் ஜீரோ ஏடி ஒன்றே 1 ஜிபிக்கு மேல். சூப்பர்டக்ஸ்கார்ட்டும் வெஸ்நாத்தும் தனித்தனியே அரை ஜிபி அளவில் இருக்கும். எனவே ஒரு நாளைக்கு ஒரு பெரிய விளையாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு இயங்குதளத்தின் புதுப்பிப்புகளைத் தள்ளிவைத்துவிடுங்கள். பாதியில் தரவு தீர்ந்துவிட்டால், மறுநாள் மேலாளர் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று எப்போதும் எதிர்பார்க்க முடியாது.

களஞ்சியத்தில் உள்ள விளையாட்டுக்கு விலை கிடையாது. சில கணினிக் கடைகளில் "லினக்ஸ் கேம் பேக்" என்று பென்டிரைவில் போட்டுக்கொடுத்து ஐந்நூறு, ஆயிரம் கேட்கிறார்கள். நான் பார்த்த ஒன்றில் இருந்தவை அனைத்தும் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைப்பவையே.

4. எவ்வகை விளையாட்டு இயல்பாகப் பொருந்தும்

கட்டற்ற விளையாட்டுகளை, அதாவது நிரலை எவரும் பார்த்து மாற்றிப் பகிரக்கூடியவற்றை, உருவாக்குபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். ஒருவர் ஒரு பிழையைத் திருத்துவார், இன்னொருவர் ஒரு வரைபடம் சேர்ப்பார், மற்றொருவர் எதிராளியின் அறிவைக் கூட்டுவார். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் முறைக்கு ஒத்துவருபவை, விதிகளால் நடக்கும் விளையாட்டுகள்: உத்தி, சதுரங்கம், பந்தயம், கட்டுமானம், புதிர். நடிகர்களின் குரலும் திரைப்படம் போன்ற காட்சிகளும் நிறைந்த கதை விளையாட்டுக்குப் பெரும் பணமும், ஒரே கூரையின்கீழ் முழுநேரம் உழைக்கும் குழுவும் வேண்டும். அதனால் அந்த வகை இங்கே அரிது. இதைப் புரிந்துகொண்டு தேடினால் ஏமாற்றம் குறையும்.

முறை வைத்து ஆடும் உத்தி விளையாட்டுகளிலிருந்தே தொடங்கச் சொல்வேன். வெஸ்நாத் போர் 2003 முதல் வளர்ந்துவருகிறது. அறுகோணக் கட்டங்களில் படைகளை நகர்த்த வேண்டும். பகலில் சில படைகளுக்கு வலிமை கூடும், இரவில் வேறு சிலவற்றுக்குக் கூடும். ஊரைப் பிடித்து அதில் தங்கினால் காயம் ஆறும். கிராபிக்ஸ் தேவை மிகக் குறைவு. ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ஆட்டம் தானாகச் சேமிக்கப்படுவதால், யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் கரண்ட் போனாலும் இழப்பது ஒரு முறையை மட்டுமே. நாட்டை வளர்த்து ஆளும் ஃப்ரீசிவும் இதே இனம்.

அடுத்தது ஜீரோ ஏடி. பழங்கால அரசுகளை வளர்த்துப் போரிடும் இந்த விளையாட்டில் மௌரியர்களும் உண்டு. மௌரியர் தரப்பில் வேலை யானை ஒன்று வரும். மரமும் கல்லும் சுமந்து வரும் ஆட்கள் கிடங்கு வரை நடக்காமல், யானையிடமே இறக்கிவிட்டுத் திரும்பலாம். டியூஷன் சென்டரில் அதைக் கண்டுபிடித்த மாணவி மற்ற எல்லோரையும் தோற்கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஆட்டம் நீண்டு படைகள் பெருகும்போது பழைய செயலி திணறும். சிறிய வரைபடத்தையும் குறைந்த மக்கள்தொகை வரம்பையும் தேர்ந்துகொண்டால் சமாளிக்கலாம்.

பந்தயத்துக்குச் சூப்பர்டக்ஸ்கார்ட். ஒரே கணினியில் திரையைப் பிரித்துக்கொண்டு பலர் ஆடலாம் என்பதால், அண்ணன் தங்கை சண்டை சற்றுக் குறையும். ஓபன்ஜிஎல் 3.3 என்ற கிராபிக்ஸ் முறை இல்லாத பழைய கணினியில் எளிமையான படத்தோடு ஓடும். அழகு குறையும், ஆட்டம் குறையாது.

மைன்கிராப்ட் கேட்கும் குழந்தைகளுக்கு லுவான்டி கொடுங்கள். மைன்டெஸ்ட் என்ற பழைய பெயர் 2024 அக்டோபரில் இவ்வாறு மாறியது. வழிகாட்டிகளில் இரண்டு பெயரும் வரும். இதை நிறுவித் திறந்தவுடன் ஆடுவதற்கு எதுவும் இல்லாமல் வெறும் பட்டியல் தோன்றுவதைக் கண்டு, கெட்டுப்போன கோப்பு என்று பலர் நீக்கிவிடுகிறார்கள். லுவான்டி ஒரு மேடைதான். அதன் உள்ளடக்கப் பகுதிக்குள் சென்று வாக்சல்லிப்ரே அல்லது மைன்குளோனியா என்ற ஆட்டத்தைத் தனியாக இறக்க வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட், டக்ஸ் மேத் ஆகிய மூன்றும் போதும். விளம்பரமும், காசு கொடுத்தால் திறக்கும் பூட்டும் இவற்றில் இல்லை.

பெரியவர்களை மறந்துவிடாதீர்கள். ஐல்ரியட் சீட்டாட்டத் தொகுப்பில் 80க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. சைமன் டேதம் எழுதிய புதிர்த் தொகுப்பு சில எம்பி அளவே இருக்கும். எத்தனை பழைய கணினியிலும் ஓடும். என் சொந்த விருப்பம் அதுதான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சதுரங்கத்துக்கு நோம் செஸ் நிறுவும்போது, எதிராளியாக ஆடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரலையும் சேர்த்து நிறுவுங்கள். நிலையை எளிதிலேயே வையுங்கள், அதன் முழு வலிமைக்கு உலக வாகையரும் ஈடில்லை.

துப்பாக்கி விளையாட்டு கேட்பவர்களுக்கு சொனாட்டிக் இருக்கிறது. மென்பொருள் மேலாளரில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் வயது மதிப்பீடு காட்டப்பட்டிருந்தால் அதைப் பார்த்துவிட்டு நிறுவுங்கள்.

5. எஞ்சின் ஒன்று, தரவு வேறு

சில பழைய விளையாட்டுகளின் எஞ்சினை, அதாவது ஆட்டத்தை இயக்கும் நிரலை மட்டும் நிறுவனங்கள் கட்டற்றதாக வெளியிட்டன; படம், ஒலி, வரைபடம் ஆகியவை இன்னும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. டூம் விளையாட்டின் நிரல் 1997இல் வெளிவந்தது, ஆனால் அதன் தரவுக் கோப்பை விலைக்கு வாங்க வேண்டும். இதற்கு மாற்றாக ஃப்ரீடூம் என்ற பெயரில் தரவு முழுவதையும் புதிதாக உருவாக்கியிருக்கிறார்கள். ரயிலும் பேருந்தும் விட்டு ஊர்களை இணைக்கும் ஓபன்டிடிடிக்கும் அப்படியே: 2010இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து, கட்டற்ற படத்தொகுப்பை வைத்தே முழு ஆட்டத்தையும் ஆடலாம். அது கேட்கும் இடம் சில பத்து எம்பி மட்டுமே என்பதால், தரவுத் திட்டம் சிறியதாக இருப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

"தரவுக் கோப்பு கிடைக்கவில்லை" என்ற பிழை வந்தால், அக்கோப்பை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்காதீர்கள். கட்டற்ற மாற்றுத் தரவு களஞ்சியத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

6. விண்டோஸ் விளையாட்டை விட முடியாதவர்களுக்கு

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கிய விண்டோஸ் விளையாட்டுகளை, 2018இல் அறிமுகமான புரோட்டான் என்ற இடைமென்பொருள் லினக்ஸில் ஓட வைக்கிறது. தனியாக ஆடும் விளையாட்டுகளில் பெரும்பகுதி இதில் நன்றாகவே ஓடும். வாங்குவதற்கு முன், ஆடிப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பதியும் புரோட்டான்டிபி தளத்தில் அந்த விளையாட்டின் மதிப்பீட்டைப் பாருங்கள். பிளாட்டினம், கோல்ட் என்றிருந்தால் வாங்கலாம். வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்கும்போது கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆகவே வாங்கிய அன்றே, உங்கள் கணினியில், முழுதாக ஓடுகிறதா என்று சோதித்துவிடுங்கள். ரசீது மின்னஞ்சலை நீக்காமல் வையுங்கள். பையனின் பெயரில் இல்லாமல் உங்கள் மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்குவது எல்லா வகையிலும் நல்லது.

இங்கே மூன்று பொறிகள் உள்ளன. நான்காம் தலைமுறை இன்டெல் செயலியும் அதற்கு முந்தியவையும் வல்கன் என்ற கிராபிக்ஸ் முறையை முழுமையாகத் தாங்காதவை. அவற்றில் புதிய புரோட்டான் பெரும்பாலும் கைகொடுக்காது, எனவே பணம் செலவழிக்காதீர்கள். விண்டோஸ் பகுதியில் ஏற்கெனவே இருக்கும் விளையாட்டுக் கோப்புறையை அப்படியே லினக்ஸிலிருந்து பயன்படுத்த முயன்றால், விண்டோஸ் வட்டுகளின் என்டிஎஃப்எஸ் வடிவத்தால் புரோட்டான் இடறும். லினக்ஸ் பகுதியிலேயே புதிதாக இறக்குங்கள். உபுண்டுவில் ஸ்னாப் வடிவ ஸ்டீமைத் தவிர்த்து, ஸ்டீம் தளம் தரும் டெப் (.deb) கோப்பை நிறுவுங்கள்.

7. டியூஷன் சென்டர், பள்ளி, நூலகம் நடத்துபவர்களுக்கு

ஒரே அறையில் பல கணினிகள் இருந்தால், இணையமே இல்லாமல் ஒரு சாதாரண வைஃபை ரூட்டரை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து ஆடலாம். ஒரு கணினி ஆட்டத்தை நடத்தும், மற்றவை அதில் சேரும். சேர முடியவில்லை என்றால் இரண்டைப் பாருங்கள். முதலாவது பதிப்பு: எல்லாக் கணினிகளிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். உபுண்டு 24.04 களஞ்சியத்தில் உள்ள ஜீரோ ஏடி ஆல்ஃபா 26. பிளாட்பேக்கில் அதைவிடப் புதியது. இரண்டையும் கலந்து நிறுவினால் ஒன்று மற்றொன்றைச் சேர்த்துக்கொள்ளாது. இரண்டாவது தீச்சுவர் (ஃபயர்வால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் மென்பொருள்): அது இயக்கத்தில் இருந்தால், ஆட்டத்தை நடத்தும் கணினியில் ஜீரோ ஏடிக்கு 20595, சூப்பர்டக்ஸ்கார்ட்டுக்கு 2759, லுவான்டிக்கு 30000 என்ற யுடிபி வாயில்களை, அதாவது போர்ட்டுகளைத் திறக்க வேண்டும்.

பதிப்புச் சிக்கலையும் தரவுச் செலவையும் சேர்த்துத் தீர்க்க ஒரு வழி உண்டு. சூப்பர்டக்ஸ்கார்ட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் லினக்ஸுக்கான சுருக்கக் கோப்பு கிடைக்கிறது; நிறுவத் தேவையில்லை, விரித்து உள்ளே இருக்கும் தொடக்கக் கோப்பை இயக்கினால் போதும். அதை ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்து எல்லாக் கணினிகளுக்கும் கொடுக்கலாம். சுருக்கக் கோப்பாகவே கொண்டுபோய், ஒவ்வொரு கணினியிலும் விரியுங்கள். பென்டிரைவிலேயே விரித்தால் இயக்கும் அனுமதி போய்விடும், இரட்டைச் சொடுக்கு வேலை செய்யாது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, கட்டணம் வாங்கி நடத்தும் இடமாக இருந்தால் உரிமத்தைக் கவனியுங்கள். "வணிகப் பயன்பாடு கூடாது" என்ற நிபந்தனையுடன் வரும் இலவச விளையாட்டுகளும் இருக்கின்றன. இலவசமாகக் கிடைப்பவை எல்லாம் கட்டற்றவை ஆகிவிடா. டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் அத்தகைய நிபந்தனை உள்ளவற்றைச் சேர்ப்பதில்லை, எனவே அதிலிருந்து எடுப்பவை பாதுகாப்பானவை. களஞ்சியத்திலிருந்து நிறுவிய ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு உரிமக் கோப்பு கணினியிலேயே, /usr/share/doc என்ற கோப்புறையில் அந்த மென்பொருளின் பெயரில் இருக்கும். அவற்றின் முதல் பக்கத்தை அச்சிட்டு, விளையாட்டின் பெயர், பதிப்பு, நிறுவிய நாள் ஆகியவற்றோடு ஒரு கோப்பில் சேர்த்து வைத்துவிட்டால், பெற்றோரோ தணிக்கைக்கு வருபவரோ "இது திருட்டு மென்பொருளா?" என்று கேட்டால் எடுத்துக் காட்டலாம். பழைய மடிக்கணினிகளை மொத்தமாக வாங்கியிருந்தால், வரிசை எண் எழுதிய பில்லையும் அதே கோப்பில் வையுங்கள். வாங்கும்போதே பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் செக்யூர் பூட்டைக்கூட மாற்ற முடியாது.

8. எவ்வளவு நேரம் ஒதுக்குவது

டிரைவரைச் சரிபார்க்க ஒரு மணி நேரம். சிறிய விளையாட்டுகளுக்கு ஒரு மாலை. பெரியவற்றை இரவு படுக்கப்போகும் முன் இறக்கப் போட்டுவிட்டு, மடிக்கணினி தானாகத் தூங்கிவிடாதபடி மின் அமைப்பை மாற்றி, சார்ஜரில் வைத்துவிடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஜீரோ ஏடியை இறக்கத் தொடங்காதீர்கள். அவர்கள் காத்திருக்கும் நேரத்துக்கு ஓபன்டிடிடியையோ புதிர்த் தொகுப்பையோ முதலில் நிறுவிக் கொடுத்துவிட்டால், மற்றதை நீங்கள் நிதானமாகச் செய்யலாம்.